முதல்வர் படம் போட்ட விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு? ஆர்டிஐ போட்ட அனுபவம்

கேள்வி கேட்கும் நிருபர்களைத் தவிர்க்கிற தலைவர்கள்கூட நாளிதழின் முதல் பக்கத்தில் முழுசாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்துக்குப் பணம் கொடுப்பது நாம். அந்தக் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்றுதான் ஒரு மாநில அரசுத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் போதும் என்றது. 2016 மார்ச்சில் முதல்வர், ஆளுநர், அமைச்சர்கள் படத்துக்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனால் ஆளுங்கட்சியை வளர்க்க அரசுப் பணத்தில் விளம்பரம் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. 2023 ஜனவரியில் ஆம் ஆத்மி கட்சியிடம் வட்டியோடு சுமார் 163 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டு டெல்லியில் நோட்டீஸ் போனது இதை வைத்துத்தான்.

மனுவில் "ஏன் இவ்வளவு செலவு" என்றெல்லாம் கேட்கவில்லை. காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கான விளம்பர வெளியீட்டு ஆணைகள், பத்திரிகை வாரியாகக் கொடுத்த தொகை, செலவுக்கு ஒப்புதல் தந்த கோப்பின் நகல் என ஆவணங்களின் பெயரைச் சொல்லியே கேட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன்.

சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும். வந்தது, ஆனால் மொத்தத் தொகை மட்டும். பத்திரிகை வாரியாகத் தொகுக்க ஆள்பலம் இல்லை என்று 7(9) பிரிவைக் காட்டியிருந்தார்கள். இந்தப் பிரிவைப் பார்த்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்! தகவலை எந்த வடிவத்தில் தருவது என்பதைப் பற்றித்தான் அந்தப் பிரிவு பேசுகிறது, தர மறுக்க அது காரணமே ஆகாது. முதல் மேல்முறையீட்டில் இதை எழுதி, தொகுத்துத் தர வேண்டாம், 2(j) பிரிவின்படி கோப்பை நேரில் பார்க்க விடுங்கள் என்று கேட்டேன். பதில் கிடைத்த 30 நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும், அது முக்கியம். நேரில் பார்க்க அனுமதி கிடைத்தது.

மொத்தத் தொகையில் தெரியாத விஷயம் வெளியீட்டு ஆணைகளில் தெரிந்தது. எந்தப் பத்திரிகைக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர், என்ன விலை, வண்ணமா கறுப்பு வெள்ளையா எல்லாம் இருக்கிறது. தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழின் பெயர் ஒரு கட்டத்துக்குப் பிறகு பட்டியலில் இல்லை. காரணம் கோப்பில் கிடையாது, நானும் ஊகித்து எழுத மாட்டேன். ஆனால் அரசு விளம்பரத்தை நம்பிச் சம்பளம் போடுகிற ஒரு சின்னப் பத்திரிகையின் ஆசிரியர் இதைப் பார்த்தால் அடுத்த நாள் தலைப்பை எப்படி வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தக் கோடிகளைவிட இதுதான் பெரிய கவலை.

அப்புறம், அந்தக் கோப்பில் இருந்தது அச்சு விளம்பரம் மட்டும்தான். டிவி, யூடியூப் செலவைக் கேட்டு அடுத்த மனுவை அனுப்பியிருக்கிறேன்.