களரிக்குப் பின்னால்: ஒரு பள்ளிக்கூடக் கூத்தின் நாட்குறிப்பு

யூன் 3, திங்கள்

எங்கள் பள்ளிக் கூத்து ஏறப்போகும் களரிக்கு, அதாவது மேடைக்கு, பின்திரைத் துணி வந்துவிட்டது. 45 அங்குல அகல வெள்ளைப் பருத்தித் துணி, பத்தொன்பதரை யார். மேடைக்கு வேண்டியது 18 அடி நீளம், 10 அடி உயரம். பத்தாம் தரப் பிள்ளைகள் முதலில் போட்ட கணக்கு 18 யார்தான்: மூன்று பட்டை, பட்டைக்கு 6 யார். தோய்த்தால் துணி சுருங்கும் என்பதும், தையலுக்குள் கொஞ்சம் போகும் என்பதும் அதில் இல்லை.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வைத்தோம். முடிந்த திரையின் உயரம் 120 அங்குலம். மேலே கம்பு நுழைய 4 அங்குலப் பைத்தையல், கீழே பாரக்கம்புக்கு இன்னொரு 4. மூன்று பட்டையை இணைக்கும் இரண்டு தையலுக்கும் அங்குலம் அங்குலமாக 2. மொத்தம் 130. தோய்த்து உலர்த்திய பட்டை 43½ அங்குலத்தில் நின்றது. மூன்றும் சேர 130½. அரை அங்குலம்தான் மிச்சம். தோய்க்காமல் தைத்திருந்தால், பசைத்தண்ணீர் பூசிய அன்றைக்கே திரை சுருங்கி மேடைத் தரை தெரிந்திருக்கும்.

பட்டைகளைக் கிடையாக வைத்து இணைக்க வேண்டும். நெடுக்காகப் போகும் தையல் தொங்கும்போது சுருக்கம் விடும். கிடைத்தையலைக் கீழ்ப்பாரம் இழுத்து நேராக்கிவிடும். யன்னல் சீலைக்கும் தலையணை உறைக்கும் பள்ளிச் சட்டைக்கும் கணக்கு இதுவே. துணிக்கடையில் “எத்தனை யார் வெட்ட?” என்று கேட்கும் நேரம் பதில் கையில் இருக்கும் பிள்ளை, எங்கேயோ ஒரு தடவை இப்படி அரை அங்குலத்தில் தப்பிய பிள்ளையாகத்தான் இருக்கும்.

யூன் 5, புதன்

கட்டம் போடும் நாள். குளக்கோட்டன் கந்தளாய்க் குளம் கட்டிய கதைதான் கூத்து. திரையில் இடப்பக்கம் கோணேசர் மலை, வலப்பக்கம் குளக்கட்டு. மாதிரிப்படம் 18 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் உயரம். ஒரு சென்ரிமீற்றர் திரையில் ஓர் அடி, 180 கட்டம்.

முதலில் திரையை மூலைமட்டமாக விரிக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் 20 அடி 7 அங்குலம் வந்தால் சரி. ஒன்று கூடி மற்றது குறைந்தால் திரை சரிந்து கிடக்கிறது. நான்கு மூலையிலும் ஆணி அறைந்த பிறகு நூலடிப்பு: கரித்தூளில் புரட்டிய நூலை இரண்டு பேர் விறைப்பாகப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் சுண்டிவிடுவார். தச்சரிடம் பார்த்த வேலை, பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

பிழை விட்ட இடம் வேறு. ஓர் அடிக்கு ஓர் அடி அடிமட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்துக் குறித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரைக்கால் அங்குலம் விலகினால் 18 ஆவது குறியில் பிழை இரண்டேகால் அங்குலம். அளவுநாடாவை ஒரு முனையில் பிணைத்துவிட்டு 1, 2, 3 என்று 18 வரை ஒரே நீட்டில் குறித்தால், ஒரு குறியின் பிழை அடுத்த குறிக்குப் போகாது. வேலிக்கட்டை நடுகிறவருக்கும், தரை ஓடு பதிக்கிறவருக்கும், கல்யாணப் பந்தலில் கதிரை வரிசை போடுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதல் விசயம் இது. கணிதக் கொப்பியில் ‘திரண்ட வழு’ என்று எழுதிப் படித்தால் அடுத்த பரீட்சையோடு போய்விடும். இங்கே, மலையின் உச்சி இரண்டங்குலம் தள்ளிப்போய் நிற்பதைக் கண்ணால் கண்டாகிவிட்டது.

யூன் 7, வெள்ளி

பசையும் வர்ணமும். துணிக்கு முதலில் பசைத்தண்ணீர் பூச வேண்டும், இல்லாவிட்டால் வர்ணம் ஊறிப் பரவும். கோதுமை மா ஒரு கோப்பையைப் பச்சைத்தண்ணீர் ஒரு கோப்பையில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீர் நாலு கோப்பைக்குள் ஊற்றிக் கிளற வேண்டும். மூன்று நாலு நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடித்தன்மை வரும், அப்போது இறக்கலாம். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோலாகிவிடும், உள்ளே பச்சைமா கட்டியாக நிற்கும். கூழ் காய்ச்சுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே சமையலறை அறிவு பள்ளிக்கு வந்தது. பாதை இரண்டு பக்கமும் திறந்தது.

இந்தப் பசையை இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு ஐதாக்கி ஒரு பூச்சு. தடிப்பாகப் பூசினால் திரையைச் சுருட்டும்போது வர்ணம் வெடித்து உதிரும்.

தூள் வர்ணத்தைக் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அதன்பின் பைண்டர் கம் (வர்ணத்தைத் துணியில் பிடித்துவைக்கும் பசை) சேர்க்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்க வழி ஒன்றுதான்: துண்டுத்துணியில் பூசி, காய்ந்ததும் விரலால் தேய்ப்பது. விரலில் ஒட்டினால் கம் காணாது. பளபளத்து, மடிக்கும்போது கீறினால் கம் கூடிவிட்டது. காயாமல் முடிவுசெய்யக் கூடாது, இந்த வர்ணம் காய்ந்தால் வெளிறும். இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம், பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. வாடைக்காற்று மழையில் இதே வேலைக்கு அரைநாள் வேண்டும்.

கடலுக்கு நீலத்தை மட்டும் கரைத்தார்கள். பிளாஸ்ரிக் வாளி நிறம் வந்தது. ஒரு கோப்பை நீலத்துக்கு அரைத் தேக்கரண்டி செம்மஞ்சள் விட்டபின் அது அடங்கிக் கடலாயிற்று. எதிர்நிறம் ஒன்றையொன்று தணிக்கும். அதற்குப் பிறகு பிள்ளைகளே யன்னலுக்கு வெளியே பார்த்து, கரையோரம் பச்சை, மலையடியில் கருநீலம் என்று சொல்லிக் கலந்தார்கள். வீட்டுச் சுவருக்கு நிறம் தெரிவுசெய்கிற நேரம், கடையில் இருக்கிற சின்ன அட்டையை நம்பாமல், ஓரடிச் சதுரம் பூசி, காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டு ரின் வாங்குகிற பழக்கம் இந்த அறையில்தான் தொடங்குகிறது.

யூன் 11, செவ்வாய்

முடி, அதாவது கிரீடம். வடமோடி என்ற கூத்து வகைக்குக் கூடைபோல் விரிந்து நிற்கும் கனமான கரப்புடுப்பும் உயரமான முடியும் வழக்கம், பிள்ளைகளின் கழுத்துக்கு எடை குறைய வேண்டும். களிமண் அச்சின்மேல் பொலித்தீன் சுற்றி, பத்திரிகைக் கடதாசியை அங்குல அகலத்தில் கிழித்து (வெட்டக் கூடாது, கிழித்த ஓரத்தின் நார்தான் அடுத்த துண்டோடு ஒட்டும்) ஒரு அடுக்கு நெடுக்கு, அடுத்தது குறுக்கு, மொத்தம் ஆறு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆறையும் ஒரேயடியாக ஒட்டினால் வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்குச் சாந்து பூசுகிறவரும் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி விடுகிறார்.

தலைச்சுற்றளவோடு அரை அங்குலம் கூட்டி அச்சைச் செய்தோம், உள்ளே துணி வைக்க வேண்டுமே. சமையலறைத் தராசில் நிறுத்தபோது 380 கிராம். நல்லது.

யூன் 14, வெள்ளி

சட்டங்கொடுத்தல். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டை எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பதுதான் மரபு. பள்ளியிலும் முழுப் பிரதியைக் கொடுக்காமல் அப்படியே செய்கிறோம்: முன்னால் பேசுகிறவரின் கடைசி மூன்று சொல், அதற்குக் கீழே தன் வரி. இதனால் பிள்ளை தன் வரியை மட்டும் ஒப்புவிக்காமல், மற்றவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டி வரும். கேட்காவிட்டால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

மனனம் பண்ணக் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறோம். முதலில் ஆறாவது, அது வந்தபின் ஐந்தும் ஆறும், பிறகு நாலும் ஐந்தும் ஆறும். முன்னாலிருந்து படித்தால் முதல் பாட்டு நூறு தடவை வாயில் வரும், கடைசிப் பாட்டு ஐந்து தடவைதான். மேடையில் களைத்துப்போய் நிற்கிற நேரம் அதுதான் மறந்துபோகும். பின்னாலிருந்து படித்தவர், போகப்போகத் தெரிந்த இடத்துக்குள் நுழைவார்.

குரல். மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை கொப்பியோடு இருந்து, கேளாத சொற்களைக் குறித்தது. முதல் தடவை இருபத்தேழு. பெரும்பாலும் சொல்லின் வால்: ‘குளம்’ என்பது ‘குள’ என்று வந்தது, ‘மன்னன்’ ‘மன்ன’ ஆயிற்று. கத்தினால் இது தீராது. கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெருக்கும், மெய்யெழுத்து அப்படியே அமுங்கும், தொண்டையும் நோகும். வரியை மூச்சு எடுக்கும் இடத்தில் சாய்கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கடைசி மெய்யெழுத்தையும் முழுதாகச் சொல்லி முடிக்கச் சொன்னோம். மின்விசிறியை நிறுத்தவில்லை, மேடையேறும் அன்றைக்கும் அது சுற்றத்தானே போகிறது. மூன்றாம் தடவை ஒன்பது சொல்.

பிரதேச செயலகக் கருமபீடத்தில் நிற்கும்போதும், ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் முன்னால் இருக்கும்போதும் வேண்டியது இந்தப் பயிற்சிதான். என்ன வருத்தம், எத்தனை நாளாக, என்ன மருந்து எடுத்தாயிற்று: மூன்று துண்டு, மூன்று மூச்சு, வாலை விழுங்காமல். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு இது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள். பரீட்சை வருகிறதென்று அழகியல் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடுகிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தில் எதை எடுத்துவிட்டோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. மனவருத்தமான விசயம்.

யூன் 18, செவ்வாய்

பின்னேரம் கடற்காற்றில் மத்தளத் தோல் ஈரம் வாங்கித் தளர்ந்து, சுருதி இறங்கிவிட்டது. வாரை இழுத்து முறுக்கினார்கள். அடுத்த நாள் வெயிலில் தோல் காய்ந்து இறுகும்போது வெடிக்கக்கூடும். முதலில் இளம்வெயிலில் பத்து நிமிடம், அப்படியும் இறக்கமாக இருந்தால் மட்டும் வார்.

யூன் 20, வியாழன்

செலவுக் கொப்பி. நாலு நிரல்: மதிப்பிட்டது, கொடுத்தது, வித்தியாசம், மிஞ்சிய பொருள். துணியும் வர்ணமும் மதிப்பீட்டை ஒட்டியே நின்றன. விட்டுப்போனவை நூல், ஊசி, சட்டைப்பின், முச்சக்கரவண்டிக் காசு, தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொன்றும் சின்னது, எல்லாம் சேர்ந்தால் மத்தளக்காரரின் பயணச்செலவு. அடுத்த முறைக்குப் பத்தில் ஒரு பங்கு ‘சில்லறை’ என்று மேலே எழுதியாயிற்று. கொப்பியை எழுதுகிற பிள்ளை வீட்டு மாதச் செலவையும் அதே நாலு நிரலில் போட்டுப் பார்த்திருக்கிறது. மிஞ்சிய பொருள் நிரலில் மட்டும் ஐந்து வரி இருந்ததாம்: ஏற்கெனவே இருக்கிறதென்று தெரியாமல் வாங்கியவை.

யூன் 25, செவ்வாய்

விளக்கு. 500 வாற்று ஹலஜன் நாலு, மொத்தம் 2000 வாற்று. 230 வோல்ற்றில் 8.7 அம்பியர், 13 அம்பியர் செருகி தாங்கும். ஆனால் நீட்டு வயரைச் சுருளிலேயே விட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை, உறை உருகிவிடும். முழுதாகக் கழற்றி நீட்டிவிட்ட பிறகு சூடு இல்லை. அதே கணக்கை வீட்டுக்குப் போடச் சொன்னோம். 2000 வாற்றுக் கேத்தலும் 1000 வாற்று ஸ்திரிக்கைப்பெட்டியும் ஒரே நீட்டு வயரில்: 13 அம்பியரைக் கடக்கிறது. “சேர், எங்கட வீட்டில காலமை அப்பிடித்தான்” என்றது ஒரு பிள்ளை. இன்றைக்கே மாற்றச் சொல்லியாயிற்று.

யூன் 29, சனி

அடுக்குப் பார்த்தல். முழு உடுப்பு, முழு ஆட்டம், நிறுத்தாமல் 35 நிமிடம். பிழைத்தவை: பாத்திரம் மேடைக்கு வரும் வரவாட்டச் சுழற்சியில் முடி நெற்றிக்கு இறங்கியது (பின்பக்கம் நாடா தைக்க வேண்டும்), கட்டியகாரனின் ஒரு சதங்கைக் கயிறு அறுந்தது (மாற்றுக் கயிறு இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்), உடுப்பு மாற்ற 90 விநாடி விட்டிருந்தோம், இரண்டு நிமிடம் ஆயிற்று. கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைத்தால் சரி.

குறை சொல்லும் முறைக்கு இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கு மூன்று குறிப்பு, அதற்கு மேல் இல்லை. “நீ சோம்பேறி” என்று யாரும் சொல்லக் கூடாது, “இரண்டாம் தாளக்கட்டில் வலக்கால் பிந்தியது” என்று கண்டதைச் சொல்ல வேண்டும். கேட்பவர் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருந்தது, முகம் சிவந்துபோகும். இப்போது தம்பி தங்கையோடு சண்டை வந்தாலும் “என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லு” என்று வீட்டில் கேட்கிறார்களாம். அம்மாமார் சொல்லிச் சிரித்தார்கள்.

யூலை 2, செவ்வாய்

நேற்று மேடையேறியது. கடைசி வரிசைக் கொப்பியில் கேளாத சொல் இரண்டு.

இன்று முழுக்கக் கழுவுதல். தூரிகையைச் சுடுதண்ணீரில் போட்டால் மயிரைப் பிடித்திருக்கும் பசை இளகும். பச்சைத்தண்ணீர், சவர்க்காரம், விரலால் முனையைக் கூராக்கி, கிடையாக வைத்துக் காயவிட்டபின் முனை மேலே பார்க்க நிறுத்த வேண்டும். திரையை மடிக்காமல், 4 அங்குல பிவிசி குழாயில், வர்ணப்பக்கம் வெளியே இருக்கச் சுருட்டினோம். உள்ளே பார்க்கச் சுருட்டினால் வர்ணம் நெரிந்து உதிரும். நடுநடுவே காய்ந்த வேப்பிலை. குழாயின் வாயில் மார்க்கரால் எழுதியது: ‘குளக்கோட்டன், 18×10, மேல்பக்கம் இது’. மாப்பசையில் மிஞ்சியது புளித்துவிட்டது, தென்னையடியில் ஊற்றியாயிற்று. கம் சேர்க்காத நீலத்தூள் அரைப் போத்தல் மிச்சம், மூடி இறுக்கி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.