எனக்கு நின்றது, அத்தை மகனுக்கு ஓடியது: பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இம்மொபிலைசர் சரிபார்த்த அனுபவம்

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பெரிய வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். பொங்கல், பிள்ளையார் நோன்பு, பங்காளிகள் வீட்டுக் கல்யாணம் என்றால் திறப்போம். முகப்பை ஒட்டி, முன்பு மாட்டுவண்டி நின்ற கொட்டகையில் இப்போது என்னுடைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் நிற்கிறது. 2004 மாடல், 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன். காரைக்குடியில் நான் குடியிருக்கும் தெருவில் அதை நிறுத்த இடமில்லை. அதனால் மாதத்துக்கு ஒருமுறை பள்ளத்தூர் போய் எடுத்து ஓட்டிவிட்டு வருவேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கினேன். ஒரு சாவிதான் தந்தார், இன்னொன்று தொலைந்துவிட்டது என்றார். அன்றைக்கே இரண்டாவது சாவிக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

போன பிள்ளையார் நோன்புக்கு வீடு நிறைய ஆட்கள். மழையால் இரண்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. நோன்பில் இழை எடுக்கும் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் அத்தையை காரைக்குடி ஜங்ஷனில் ரயிலேற்றிவிட வண்டியை எடுத்தேன். செல்ஃப் நன்றாக அடித்தது, இன்ஜின் உடனே பிடித்தது, ஒரு நொடியில் அணைந்துவிட்டது. மறுபடி அடித்தேன். அதேதான். மீட்டரில் கார் படத்துக்குள் சாவி போட்ட மாதிரி ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அத்தையை ஆட்டோவில் அனுப்பினேன். மத்தியானம் அத்தை மகன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காதது போல வண்டி ஓடியது.

இந்தக் கடைசி விஷயத்தை அன்றைக்கு நான் கவனித்திருந்தால் நாற்பது நாளும் பதினாறாயிரம் ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.

முதலில் எல்லோரும் சொன்னது ரிமோட் செல். மாற்றினேன், பலனில்லை. பலன் இருக்கவும் முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் செல் கதவைப் பூட்டித் திறக்க மட்டும்தான். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்புக் கருவிதான் இம்மொபிலைசர். அதற்கு இந்தச் செல் தேவையே இல்லை. சாவித் தலைக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையமாக ஒரு ‘காயில்’, அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்த அலையை எழுப்பும். அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் மீட்டர் போர்டுக்குள் இருக்கும் இம்மொபிலைசர், இன்ஜின் கம்ப்யூட்டரிடம் ‘ஓடலாம்’ என்று சொல்லும். சரியில்லை என்றால் இன்ஜின் ஒரு நொடி ஓடிவிட்டு நிற்கும். இந்தக் காலத்து இந்த வகை வண்டிகளில் அந்த ஒரு நொடிதான் அடையாளம். பெட்ரோல் வராத வண்டி பெரும்பாலும் இழுத்து இழுத்துத் திணறித்தான் நிற்கும். இது சுவிட்சை அணைத்தது போல நிற்கும்.

அடுத்து பேட்டரி. இரண்டு மாதம் நின்ற வண்டி என்பதால் இது நியாயமான சந்தேகம்தான். மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் 12.6 இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அழுத்தம் இன்னும் விழும், அப்போது மீட்டர் போர்டு சாவியைப் படிக்கத் தடுமாறும். புது பேட்டரி போட்டேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மறுபடி அதே ஒரு நொடி.

அப்புறம் நான் செய்தது பெரிய தப்பு. ரெக்கவரி வண்டியில் ஏற்றி வெளியூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். ஸ்கேனரே போடாமல் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அங்கே இரண்டு தடவை ஓடியதால் சரியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். கொட்டகைக்கு வந்ததும் நின்றது. போனில் கேட்டபோது, மீட்டர் போர்டு, இன்ஜின் கம்ப்யூட்டர், பூட்டு செட் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்த விலைக்கு வண்டியையே விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்பச்சி மட்டும், “நம்ம ஊரிலேயே ஒரு கைக்காரனிடம் காட்டாமல் முடிவு பண்ணாதே” என்றார்.

காரைக்குடியில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். ஒரு காலத்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பார்த்தவர், இப்போது கார் வயரிங் மட்டும் பார்க்கிறார். லேப்டாப்பும் கேபிளும் எடுத்துக்கொண்டு பள்ளத்தூருக்கே வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. கேபிளைச் செருகிவிட்டுக் கேட்டார்.

“தம்பி, ஓடும்போது யார் ஓட்டினா? நிக்கும்போது யார் ஓட்டினா?”

“எனக்குத்தாண்ணே நிக்குது. அத்தை மகனுக்கு ஒரு தடவைகூட நிக்கலை.”

“அவரு உங்களைவிடக் குள்ளமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆறடி. ஸ்டியரிங்கை மேலே ஏற்றி, என் பக்கம் இழுத்து வைத்துத்தான் ஓட்டுவேன். அவன் கீழே இறக்கி உள்ளே தள்ளிவிடுவான். இந்த வண்டியில் ஸ்டியரிங் தண்டு நகரும்போது இக்னிஷன் பூட்டும் கூடவே நகரும்.

லேப்டாப்பில் இரண்டு கோளாறு எண்கள் இருந்தன. 17978, அதாவது பி1570: இம்மொபிலைசர் இன்ஜினைத் தடுத்திருக்கிறது. அது விளைவு, காரணம் இல்லை. இன்னொன்று 01128: காயில். “சாவியில் கோளாறுன்னா 01176 வரும், இது காயில்னு சொல்லுது” என்றார். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது முதல் நாளே பார்த்திருந்தால் பம்பு தப்பித்திருக்கும். இந்தக் கார்களில் இம்மொபிலைசர் பக்கத்தைத் திறந்தால் ஒரே வரியில் நான்கு எண்கள் வரும்: ஸ்டார்ட்டுக்கு அனுமதி, இன்ஜின் கம்ப்யூட்டரின் பதில், சாவியின் நிலை, வண்டிக்குப் பழக்கிய, அதாவது அதில் பதிவு செய்த, சாவிகளின் எண்ணிக்கை. எங்களுக்கு 1, 1, 1, 1 என்று இருந்தது. அவர் ஸ்டியரிங்கை மெதுவாக மேலே ஏற்றச் சொன்னார். பாதி தூரத்தில் முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் 0 ஆயின. இறக்கினால் 1, ஏற்றினால் 0. நாற்பது நாள் அலைந்த விஷயம் கண் முன்னால் ஒரு எண்ணாக மாறி மாறி நின்றது.

ஸ்டியரிங் கீழ் மூடியைக் கழற்றினோம். முன்பு யாரோ வெளியில் வாங்கிய அலாரம் ஒன்றை மாட்டி, பிறகு எடுத்திருக்கிறார்கள். அதன் வயர்களை வெட்டி, காயிலின் மெல்லிய இரட்டை வயரையும் சேர்த்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரே கட்டாகச் சுற்றியிருந்தார்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி, புளி மாதிரி பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. கட்டு கீழே நகராமல் பிடித்துக்கொண்டதால், ஸ்டியரிங் ஏறும்போதெல்லாம் காயில் வயர் நரம்பு போல விறைத்திருக்கிறது. வளையத்துக்குள் வயர் நுழையும் இடத்தில் மேல்தோல் முழுதாக இருந்தது. உள்ளே செம்பு இழை அறுந்திருந்தது. நகத்தால் தள்ளினால் சேரும், விட்டால் பிரியும்.

வளையத்தின் அடியிலேயே அறுந்திருந்ததால் ஈயம் வைக்க முடியவில்லை. ஆனால் ஒரு நல்ல சேதி: இந்தக் காயில் வெறும் ஆன்டெனாதான். அதற்குள் எந்த ரகசிய எண்ணும் இல்லை. அதனால் பழைய வண்டியில் கழற்றியதையே போடலாம், லேப்டாப்பில் எதையும் பழக்க வேண்டாம். மீட்டர் போர்டையோ இன்ஜின் கம்ப்யூட்டரையோ அப்படி மாற்ற முடியாது, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கும். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் இதே வண்டியின் காயில் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பஸ் பார்சலில் வந்தது. மாட்ட இருபது நிமிஷம். வயரை இந்த முறை தளர்வாக விட்டு, துணி டேப் சுற்றினார்.

நடுவில் இன்னொருவர் இம்மொபிலைசரையே சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம், ஐயாயிரம் போதும் என்றார். ரொம்பப் பேர் அப்படிச் செய்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இருக்கும் ஒரே நல்ல காவல் அது. இந்தச் சிப்பின் சங்கேத முறையில் ஓட்டை இருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும், அதை வெளியிட 2013இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடை போட்டதும், 2015இல் கட்டுரை வெளியானதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் வயரை உரசி ஸ்டார்ட் செய்யும் திருடனுக்கு இது இன்னமும் பெரிய தடைதான். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியதும் அதற்காகத்தான்.

காயில் சரியானதும் நான் விடாமல் செய்தது இரண்டாவது சாவி. தெருவில் வெட்டித் தரும் சாவி கதவைத் திறக்கும், இன்ஜினை ஓடவிடாது. சிப்போடு வரும் சாவியை சேஸிஸ் நம்பர் கொடுத்து வரவழைத்தேன், 9,500 ரூபாய். அதைப் பழக்க நாலிலக்க ரகசிய எண் வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆர்.சி. புக்கையும் என் ஆதாரையும் பார்த்த பிறகுதான் அந்த எண்ணை எடுக்க ஒத்துக்கொண்டார். ஊகித்து எண்ணைப் போட்டுப் பார்க்கக் கூடாது. தப்பாகப் போட்டால் இம்மொபிலைசர் தன்னையே பூட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரம் கூடும். இன்னொன்று, எல்லாச் சாவிகளையும் ஒரே தடவையில் பழக்க வேண்டும். அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவியை வண்டி மறந்துவிடும். முதல் சாவியைப் போட்டு விளக்கு அணையும் வரை காத்திருந்தோம், பிறகு இரண்டாவது. நான்காவது எண் 1இலிருந்து 2 ஆனது. கோயம்புத்தூரில் தொலைந்த அந்தச் சாவி எங்காவது கிடந்தாலும் இந்த வண்டியை ஓட்டாது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் இன்ஜினைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாவியைப் பற்றித்தான் கேட்கிறேன். தொண்ணூறுகளின் ஆல்ஃபா ரோமியோ, ஃபியட் வண்டிகளில் சிவப்புத் தலை வைத்த மாஸ்டர் சாவி வரும். புதுச் சாவி பழக்க அது வேண்டும், தொலைத்தால் செலவு பெரிது. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் இம்மொபிலைசர் பெட்டி சீட்டுக்கு அடியில் தரையோடு இருக்கும். மடக்குக் கூரையின் வடிகால் துளையில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே வந்து அந்தப் பெட்டி நனையும். மழைக்கு முன்னால் வளவுத் தூம்பில், அதாவது முற்றத்து வடிகாலில், இலை பொறுக்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் போகும்போது என் சாவிக்கொத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். கார் சாவியோடு பெரிய கதவின் இரும்புச் சாவி, பெட்டகச் சாவி, புல்லட் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இருந்தன. அத்தனை எடை தொங்கினால் இக்னிஷன் சுவிட்ச் தேயும், பக்கத்தில் வேறொரு சிப் சாவி இருந்தால் காயில் குழம்பும் என்று சொல்லி, கார் சாவியை அவரே பிரித்துத் தனியாகக் கொடுத்தார். அது இப்போது காரைக்குடி வீட்டில் தனி ஆணியில் தொங்குகிறது. இரண்டாவது சாவியும் ரகசிய எண் எழுதிய தாளும் பள்ளத்தூரில் அப்பச்சியின் பெட்டகத்தில் இருக்கின்றன. பேட்டரிக்கு ஒரு சின்ன சார்ஜர் வாங்கிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். புதுச் சாவியின் ரிமோட் மட்டும் இன்னும் கதவைத் திறப்பதில்லை, அதைத் தனியாகப் பழக்க வேண்டுமாம். பொங்கலுக்கு வீடு திறக்கும்போது அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.