தோட்டப்பள்ளியில் மத்திக் காலம்

கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவலை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த 52 நாட்களில் துறைமுகத்திற்குப் போய் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பவர்கள் சாளை எனப்படும் மத்தி மீனை மறந்துவிடுகிறார்கள். பாரம்பரிய வள்ளங்களுக்கு அந்தத் தடை கிடையாது. மத்தியும் பருவமழையோடுதான் கரையை ஒட்டிக் கூட்டங்கூட்டமாக வருகிறது. ஆலப்புழைக்குத் தெற்கே, தேசிய நெடுஞ்சாலை 66-இல் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டப்பள்ளிக்கு ஜூலை மாதத்தில் சென்றது அதற்காகவே.

குட்டநாட்டு வெள்ளத்தைக் கடலுக்கு வடிக்கும் மதகுப் பாலத்தைத் தாண்டியதும் துறைமுகம் வந்துவிடுகிறது. தமிழகத்தில் நெடுநாள் சர்ச்சைக்குள்ளான சுருக்குமடிக்கு நெருங்கிய உறவான, மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ரிங் வலையை ஏற்றிய நீண்ட வள்ளங்கள், நாற்பது பேர் வரை சுமந்துகொண்டு மழையினூடே திரும்பிக்கொண்டிருந்தன. கூடைகள் கரையேறியவுடன் தரகரின் குரல் உயர்ந்தது. மழை வலுப்பதற்குள் விற்றுத் தீர்க்கும் அவசரத்தில் ஏலம் நொடிகளில் முடிந்தது.

நானும் கொஞ்சம் வாங்கினேன். செவுள் மூடியின் பின்விளிம்பில் கரும்புள்ளி, வயிற்றின் அடியில் விரலை உரசும் முள் வரிசை, தொட்டவுடன் கையில் ஒட்டிக்கொள்ளும் செதில்கள். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மெல்லிய இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை, குறிப்பாக டயாட்டம் எனும் நுண்பாசிகளை, மத்தி சலித்து உண்பது இச்சல்லடையால்தான்.

அந்த உணவை மேலே கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியிலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழுகிறது. அதில் நுண்பாசிகள் பெருக, மத்தி அங்கே மேய்ந்து முட்டையிடுகிறது. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “மழை மாத்திரம் போதாது மோனே, இடையில வெயிலும் வேணும்” என்றார். பாசிக்கு ஒளி வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலுள்ள புறக்காட்டுக் கடற்கரை ‘சாகரை’க்குப் பெயர்பெற்றது. பருவமழையில் கலங்கியெழும் சேறு அலையின் வேகத்தை உறிஞ்சிவிடுவதால், சுற்றிலும் கடல் கொந்தளித்தாலும் அந்தப் பகுதி மட்டும் அமைதியாகக் கிடக்கும். ஆனால் அது எந்த ஆண்டு எந்த இடத்தில் அமையும் என்பதற்கு உறுதியில்லை. நான் சென்றபோது கரையெங்கும் பேரலைகளே இருந்தன.

மத்தியும் அப்படித்தான். 2012-இல் கேரளக் கரைகளில் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்தான். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. மிகை மீன்பிடிப்பு ஒரு காரணம் என்றாலும், அதை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. இரண்டரை ஆண்டளவே வாழும் மீனுக்கு ஒரு பருவத்து இனப்பெருக்கம் பொய்த்தாலே அடுத்த ஆண்டு வலையில் தெரிந்துவிடும். ஏழைகளின் மீன் என்று பெயரெடுத்த இது, 2024 ஜூனில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்ற விதி இருப்பதில் எனக்கு நிம்மதிதான், ஆனால் ஏலத்தில் அளவுகோலோடு நின்ற எவரையும் நான் காணவில்லை.

வாங்கிய மீனைச் சாலையோரக் கடையில் கொடுத்து, குடம்புளியிட்ட குழம்பாக்கி மரவள்ளிக்கிழங்கு மசியலோடு உண்டேன். சுவையில் குறையில்லை, எனினும் முட்டையிடும் பருவத்தில் கொழுப்பு குறைந்திருப்பதால், நெய்வடியும் மத்தியை விரும்புவோர் அக்டோபருக்குப் பின் செல்வதே நல்லது. வள்ளங்களையும் ஏலத்தையும் காண விரும்புவோர் ஜூலையில் அம்பலப்புழை ரயில் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து தெற்கே செல்லும் பேருந்துகள் தோட்டப்பள்ளி வழியாகவே போகின்றன.