பழைய போகிமான் காட்ரிட்ஜ்: பேட்டரி தீர்வதற்குள்

பரணில் கிடந்த போகிமான் கோல்டு காட்ரிட்ஜைத் தேடியெடுத்து கேம் பாய் கலரில் செருகினால் இசை வரும், ஹோ-ஓ என்ற பறவைப் போகிமான் சிறகடிக்கும். ஸ்டார்ட் அமுக்கினால் மட்டும் 'கன்டினியூ' என்ற வரி இருக்காது. 'நியூ கேம்' ஒன்றுதான் நிற்கும். பதினாறு பேட்ஜ், லெவல் 100 டைஃப்லோஷன், பாக்ஸ் பாக்ஸாகப் பிடித்து வைத்தது எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். காட்ரிட்ஜ் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருந்த பட்டன் செல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் காட்ரிட்ஜில் 'கன்டினியூ' இன்னும் தெரிகிறதென்றால் இதைப் படித்துவிட்டு இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

சேவைச் செல்லின் தயவில் வைப்பது, ஜப்பானில் 1996-இல் ரெட், க்ரீன் வந்தபோதே போகிமானை உருவாக்கிய கேம் ஃப்ரீக் எடுத்த வழி. கேம் இருப்பது ரோம் சிப்பில். அது மின்சாரம் இல்லாமலும் இருக்கும். நாம் ஆடியதன் பதிவான சேவ் இருப்பது எஸ்ராம் என்ற 32 கேபி நினைவுச் சிப்பில். அதற்கு எந்நேரமும் துளி மின்சாரம் வேண்டும். கேம் பாயை அணைத்த நொடியிலிருந்து அந்தத் துளியைக் கொடுப்பது 3 வோல்ட் லித்தியம் செல். அதன் வோல்ட் சுமார் 2-க்குக் கீழே போனால் எஸ்ராம் மறக்கத் தொடங்கும்.

ரெட், ப்ளூவில் அந்த 32 கேபியை 8 கேபி வீதம் நான்கு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் அறையில் படங்களை விரிக்கும் தற்காலிக இடமும், அதை ஒட்டி, வென்ற அணிகளின் பதிவான ஹால் ஆஃப் ஃபேமும். இரண்டாவதில் உங்கள் பெயர், பை, கையிலிருக்கும் ஆறு போகிமான். மூன்றிலும் நான்கிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பாக்ஸ், ஆக 240 போகிமானுக்கு இடம். மிஸ்ஸிங்நோ என்பது கேமின் பிழையால் எழும் போலிப் போகிமான். 'மிஸ்ஸிங்நோ வந்தால் சேவ் அழிந்துவிடும்' என்ற பழைய பயத்துக்கு விடை இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது.

விரிடியன் ஊரின் வடக்கே நிற்கும் தாத்தா போகிமான் பிடித்துக் காட்டும்போது திரையில் அவர் பெயர் வர வேண்டும். அதற்காக நம் பெயரை கேம் வேறிடத்தில் ஒதுக்கி வைக்கிறது. ஒதுக்கிய இடம், புல்வெளியில் எந்தப் போகிமான் வரும் என்ற பட்டியல் இருக்கும் இடம். நேராக சினபார் தீவுக்குப் பறந்து கிழக்குக் கரையோரம் தண்ணீரில் சர்ஃப் செய்தால், அந்த ஊருக்கென்று புல்வெளிப் பட்டியல் இல்லாததால் பழையது அழியாமல் கிடக்கும். கரையோரக் கட்டங்களோ புல்வெளிப் பட்டியலைத்தான் பார்க்கும். ஆகவே நம் பெயரின் 3, 5, 7-ஆம் எழுத்துகளே போகிமானாக எழுந்து வரும். வந்தது மிஸ்ஸிங்நோ என்றால் அதன் படம் அளவுக்கு மீறிப் பெரிது. விரிக்கும் இடம் போதாமல் பக்கத்திலிருக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் மேல் வழிந்துவிடும். கெடுவது அது மட்டும். அடுத்த அறையிலிருக்கும் சேவுக்கு ஒன்றும் ஆகாது. பையில் ஆறாவதாக வைத்த பொருள் 128 கூடுவதும் இதே ரகம்: 'பார்த்தாயிற்று' என்று போகிமான் பதிவேடான போகிடெக்ஸில் குறிக்க வேண்டிய பிட், தவறிப்போய் ஆறாவது பொருளின் எண்ணிக்கையில் விழுகிறது. லெவலை ஏற்றும் ரேர் கேண்டியை அங்கே வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கோல்டு, சில்வர், கிறிஸ்டலுக்கு வருவோம். 1999-இல் ஜப்பானில் வந்த கோல்டு, சில்வர்தான் இந்தத் தொடரிலேயே மிக நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டவை என்பது என் கட்சி. காரணம் கடிகாரம். ஹூட்ஹூட் இரவில்தான் வரும். நேஷனல் பார்க்கில் பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி. யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ராஸ் வெள்ளிக்கிழமை மட்டும். கேம் அணைந்திருந்தாலும் நாள் ஓட வேண்டுமே? அதற்காக 32.768 கிலோஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இடைவிடாமல் துடிக்கிறது, சேவைக் காக்கும் அதே செல்லில். அதனால்தான் பழைய ரெட் இன்னும் சேவோடு இருக்க, அதற்குப் பின் வந்த கோல்டு வெறுமையாகத் திறக்கிறது.

வேலையின் முதல் விதி: சேவை வெளியே எடுக்காமல் செல்லைத் தொடாதீர்கள். செல் போர்டை விட்டு வந்த கணமே எஸ்ராம் காலி. சேவை எடுக்க ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற யுஎஸ்பி ரீடர் போதும். முதலில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, காட்ரிட்ஜின் பித்தளை நிறக் கால்களைத் துடையுங்கள். வாயால் ஊதுவது வேண்டாம். எச்சில் ஈரம் துருவைத்தான் கொடுக்கும். காய்ந்ததும் ரீடரில் செருகுங்கள். கேமின் பெயர் திரையில் ஒழுங்காக வந்தால் தொடர்பு சரி. குப்பை எழுத்து வந்தால் மறுபடி துடையுங்கள்.

சேவை இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைல் 32,768 பைட் இருக்க வேண்டும். கோல்டு வகையில் கடிகார விவரமும் ஒட்டிக்கொண்டு சில பைட் கூடலாம். ஃபைல் முழுக்க ஒரே எண் என்றால் ஒன்று தொடர்பு சரியில்லை, அல்லது எஸ்ராம் ஏற்கெனவே காலி. கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டரில் திறந்து 'கன்டினியூ' போட்டு பாக்ஸ்களையும் ஒரு பார்வை பார்த்த பிறகே ஸ்க்ரூவில் கை வையுங்கள்.

அந்த ஸ்க்ரூவுக்கு 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். கேம் பாய் அட்வான்ஸ் காட்ரிட்ஜ்களுக்கு மூன்று கிளை உள்ள ட்ரை-விங். பேனா மூடியை உருக்கி அழுத்தித் திறக்கும் வித்தை யூடியூபில் ஓடும். ஸ்க்ரூ தலை வழுக்கிப்போனால் அப்புறம் துளை போட வேண்டியதுதான். ஸ்க்ரூ வந்ததும் முன்மூடியைக் கால்கள் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தூக்குங்கள். நெம்பினால் மேல் கொக்கி உடையும்.

செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்த பிறகே புதியதை வாங்குங்கள். கோல்டு, சில்வர், கிறிஸ்டலில் சிஆர்2025. ரெட், ப்ளூ, எல்லோவில் சிஆர்1616-ஓ சிஆர்2025-ஓ இருக்கலாம். கேம் பாய் அட்வான்ஸின் ரூபி, சஃபையர், எமரால்டில் சிஆர்1616. சிஆர்2032-ஐத் திணிக்கலாம் என்பார்கள், அது 3.2 மிமீ தடிமன், சிஆர்2025 2.5 மிமீ. மூடி உப்பினால் காட்ரிட்ஜ் சரியாக உட்காராது. எல்ஐஆர் என்று தொடங்கும் ரீசார்ஜ் செல் பார்க்க இதே போலிருக்கும். அதன் வோல்ட் அதிகம், வேண்டாம்.

வாங்கும்போது தகட்டுக் கால் வெல்டு செய்த செல்லாகக் கேளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் வெறும் செல்லை நீட்டிவிடுவார்கள். வெறும் செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைத்தால் சூடேறிக் கசியும், வெடிக்கவும் கூடும். டேப் ஒட்டிச் சமாளிப்பது இன்னும் மோசம்: ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு அரைநொடி விட்டுப்போகும், சேவும் அதோடு போகும்.

பழைய செல் இருக்கும் நிலையை முதலில் போட்டோ எடுங்கள். போர்டில் ப்ளஸ் குறி இருக்கும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி செல்சியஸ். பழைய சால்டர் லேசில் இளகாது. அதன் மேல் புது 60/40 (தகரம்/ஈயம்) சால்டரைத் துளி விட்டால் இரண்டும் கலந்து உருகும். அப்போது தகட்டை இடுக்கியால் மெல்லத் தூக்குங்கள். உருகுவதற்கு முன் முறுக்கினால் போர்டின் செம்புத் திட்டே பெயர்ந்து வரும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான். பெயர்ந்துவிட்டால் அந்தத் தடம் எந்தப் புள்ளிக்குப் போகிறது என்று பார்த்து மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும்.

புது செல்லை வைத்ததும் மல்டிமீட்டரில் 3.2 வோல்ட் பக்கம் காட்டும். ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தால் கேம் ஓடும், சேவ் மட்டும் நிற்காது. ஆகவே ஓடுகிறதே என்று மூடிவிடாதீர்கள். எடுத்து வைத்த சேவை எழுதி, அணைத்து, மறுநாள் திறந்து பாருங்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்லை மாற்றி சேவைக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. கேம் பாயின் மின்சாரம் எஸ்ராமைத் தாங்கும் என்பது உண்மைதான். அயர்ன் முனையில் ஒரு ஷார்ட், அல்லது காட்ரிட்ஜ் ஒரு மில்லிமீட்டர் அசைவு, கதை முடிந்தது. ரீடர் கிடைக்கிற காலத்தில் அந்தச் சூதாட்டம் எதற்கு?

ரூபி, சஃபையர், எமரால்டில் நிலைமை வேறு. சேவ் ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. செல் கடிகாரத்துக்கு மட்டும். தீர்ந்தால், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, நேரம் சார்ந்தவை நடக்காது, விளையாடலாம் என்று கேமே சொல்லும். நட்ட பெர்ரிச் செடி வளராது, ஷோல் குகையில் அலை ஏறி இறங்காது. செல் மாற்றியும் பெர்ரி வளரவில்லையே என்று பலர் குழம்புவார்கள். புதுச் செல்லோடு கடிகாரம் தொடக்கத்திலிருந்து ஓடும். சேவில் பதிந்திருக்கும் கடைசித் தேதி அதைவிட முன்னே நிற்கும். அந்தத் தேதியைக் கடிகாரம் எட்டும்வரை எதுவும் நகராது. புது கேம் தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ரூபி, சஃபையருக்கு இதோடு தனிப் பிழையும் உண்டு: ஓராண்டு தாண்டியதும் பெர்ரி உறைந்துபோகும். அதற்கான திருத்தத்தை எமரால்டு, ஃபயர்ரெட், லீஃப்க்ரீன் காட்ரிட்ஜிலிருந்து லிங்க் கேபிள் வழியாக ஏற்றலாம்.

ஃபயர்ரெட், லீஃப்க்ரீனில் கடிகாரமும் இல்லை, செல்லும் இல்லை. ஆகவே ஃபயர்ரெட்டைத் திறந்ததும் உள்ளே பட்டன் செல் தெரிந்தால் அது போலி. அந்தப் போலிகளில் சேவ் எஸ்ராமில் இருக்கும். செல் தீர்ந்தால் போகும். புதிதாக வாங்கிய எமரால்டு முதல் நாளே பேட்டரி தீர்ந்தது என்றால், பெரும்பாலும் கடிகாரச் சிப்பே வைக்காத போலி. வாங்கும் முன் திறக்க முடியாவிட்டால், லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: அசலில் அச்சிட்ட எழுத்தின் மேல் இரண்டு இலக்க எண் அழுத்திப் பதிந்திருக்கும். கேம் பாய் அட்வான்ஸ் காட்ரிட்ஜில் கால்களுக்கு மேலே போர்டில் நின்டெண்டோ பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

மூடியைப் போட்டு முடித்ததும், செல் மாற்றிய மாதமும் ஆண்டும் எழுதிய சிறு ஸ்டிக்கரை மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வெளியே ஒட்டினால் பசை லேபிளைக் கெடுக்கும்.