டப்பா பாலும் மாட்டு ஏப்பமும்

ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுறவனுக்கு பால் பவுடர் கம்பெனியோட கார்பன் கணக்கு எதுக்குன்னு நம்ம ஆபீஸ்லயே கேட்டுட்டாங்க, அதனால மொதல்ல புயல் கதைய சொல்லிடுறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறுச்சு, ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்குக் கொறையாம மழை, எங்க தெருவுல முட்டி அளவு தண்ணி. சரி புயல்தான் போயிடுச்சேன்னு உக்காந்தா, டிசம்பர் 2 அன்னிக்கு சாத்தனூர் டேம்ல தொறந்து விட்ட தண்ணி தென்பெண்ணை வழியா வந்து கடலூர சுத்தி வளைச்சிடுச்சு. தங்கச்சி வீடு குண்டு உப்பலவாடி பக்கம். என் மருமவனுக்கு அப்போ அஞ்சு மாசம், குறை மாசத்துல பொறந்தவன், தாய்ப்பால் பத்தலன்னு டாக்டரே டப்பா பால் எழுதிக் குடுத்திருந்தாங்க. கரண்ட் இல்ல, ரோட்டுல பஸ் இல்ல, புதுச்சேரில டப்பாவ கைல வெச்சிக்கிட்டு நான் முழிச்சிக்கிட்டு நிக்கிறேன், அங்க மச்சான் கேஸ் சிலிண்டர தோள்ல தூக்கி மாடிக்கு ஏத்தி, கேன்ல மிச்சம் இருந்த தண்ணிய கொதிக்க வெச்சி, கடைசி நாலு ஸ்பூன் பவுடர எண்ணி எண்ணி போட்டுக் கலக்கிருக்காரு. அந்தப் பவுடர 70 டிகிரிக்குக் கொறையாத சூட்டுல கலக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, வெள்ளத்துக்கு நடுவுல தெர்மாமீட்டரா வெச்சிக்கிட்டு இருக்க முடியும், கொதிச்சத ஆற விட்டாங்க அவ்ளோதான்.

அப்புறம் ரோடு தொறந்ததும் டப்பாவ கொண்டு போயி குடுத்துட்டு, சும்மா அதத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். கொழந்த படமே இருக்காது பாருங்க, 1992 சட்டப்படி போடக்கூடாது, தாய்ப்பால்தான் ஒசத்தின்னு பெருசா போட்டே ஆகணும். எல்லாம் இருக்கு, ஆனா இந்த டப்பா என் கைக்கு வர்றதுக்குள்ள எவ்ளோ புகை விட்டுச்சுன்னு ஒரு எழுத்து கெடையாது.

அந்தக் கணக்கு எங்க இருக்குன்னா, பங்குச் சந்தைல இருக்குற பெரிய 1,000 கம்பெனிங்க சந்தையக் கண்காணிக்கிற செபிக்கு வருஷா வருஷம் குடுக்குற பி.ஆர்.எஸ்.ஆர்ங்கற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ரிப்போர்ட்ல. அதுல புகைய மூணாப் பிரிக்கிறாங்க. ஸ்கோப் 1 ன்னா நம்ம வீட்டு அடுப்புல எரியிறது, ஸ்கோப் 2 ஈ.பி பில்லு, ஸ்கோப் 3 மளிகைக் கடைலேர்ந்து பால்காரர் வரைக்கும் நமக்காக மத்தவங்க எரிக்கிறது எல்லாம். மொத ரெண்டும் கட்டாயம். மூணாவது "லீடர்ஷிப் இண்டிகேட்டர்", அதாவது இஷ்டம் இருந்தா சொல்லு. பாங்க்ல இருக்குற கடன காட்டிட்டு கந்துவட்டிக்கு வாங்குனத இஷ்டம் இருந்தா காட்டுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு பார்ட்டி கிட்ட சொன்னா காபி வாங்கிக் குடுப்பாங்க.

ஆனா பால் பவுடர்ல சமாச்சாரமே மூணாவதுலதான். பசுமாட்டுப் பால்ல 87 சதவீதம் தண்ணி, அத வத்த வெச்சி, சூடான காத்துல தெளிச்சிக் காய வெச்சாதான் பவுடர், ஒரு கிலோ சாதா பால் பவுடருக்கே ஏழெட்டு லிட்டர் பால் போவும். அந்தப் பாலக் குடுக்குற மாடு அசை போட்டு ஏப்பம் விடுது பாருங்க, அதுல வர்றது மீத்தேன் (எல்லாரும் பின்னாடிதான்னு சிரிப்பாங்க, முக்காவாசி வர்றது வாய் வழியாத்தான்). இருபது வருஷக் கணக்குல கரியமில வாயுவ விட 80 மடங்கு சூடேத்தும். ஃபேக்டரி கூரைல சோலார் போட்ட போட்டோவ அட்டைல போட்டா மாடு ஏப்பத்த நிறுத்திடுமா.

பெரிய கம்பெனிங்க வாக்குறுதி குடுக்காம இல்ல. நெஸ்லே புகைய 2018 அளவுலேர்ந்து 2030க்குள்ள பாதியாக் கொறைப்போம், 2050ல நெட் ஜீரோ, அதாவது விடுற புகையும் திருப்பி உறிஞ்சுறதும் சரிக்குச் சரின்னு சொல்லிருக்கு, அவங்க கணக்குலயே 95 சதவீதம் மாதிரி ஸ்கோப் 3தான், அத ஒத்துக்கிட்டது வரைக்கும் நேர்மை. டானோன் பச்சைப் பால்ல வர்ற மீத்தேன 2030க்குள்ள 30 சதவீதம் கொறைப்போம்னு 2023ல சொல்லுச்சு. அதே வருஷக் கடைசில பால் கம்பெனிங்க சேந்து மீத்தேன் கூட்டணின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 2025 அக்டோபர்ல நெஸ்லே அதுலேர்ந்து வெளிய வந்துடுச்சு, குறிக்கோள் அப்படியேதான் இருக்குன்னாங்க. கூட்டணி மாறுறது நமக்கென்ன புதுசா.

நான் இந்த மாதிரி ரிப்போர்ட்ட எடுத்தா மொதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணு, கொறைஞ்சது மொத்தமா இல்ல "ஒரு டன் ப்ராடக்டுக்கு" இவ்ளோன்னு வகுத்துக் காட்டுறதா. டன்னுக்குப் பத்து சதவீதம் கொறைச்சிட்டு டப்பாவ இருபது சதவீதம் கூட வித்தா மேல போற புகை எட்டு சதவீதம் ஏறிருக்கும், ஆனா கிராஃப் அழகா கீழ எறங்கும். வகுத்தல் கணக்குல கீழ இருக்குற நம்பர பாக்கலன்னா நாம அவ்ளோதான்.

இன்னொன்னு எனக்கு உறுத்துது. நம்ம பக்கம் பால் சொசைட்டிக்கு ஊத்துறவங்க வீட்டுல ரெண்டு மாடு இருந்தா பெருசு, கறவை கம்மி, அதனால லிட்டருக்கு மீத்தேன் கணக்கு பாத்தா நம்ம மாடுதான் குத்தவாளி மாதிரி வரும், நாளைக்கு கம்பெனி டார்கெட்டுக்காக தீவனத்த மாத்துன்னு பால் ஊத்துற அம்மா கிட்ட போயி நிப்பாங்க, காசு யாரு குடுப்பான்னு மட்டும் ரிப்போர்ட்ல இருக்காது.

டப்பா பால் குடுத்த தாய்மாருங்கள கொற சொல்லல சாமி, அந்த வெள்ளத்துல அதான் எங்க புள்ளையக் காப்பாத்துச்சு. ஆறு மாசம் முடிஞ்சதும் எங்க அம்மா கேழ்வரக ஊற வெச்சி, மொளை கட்டி, அரைச்சி, பழைய வெள்ள வேட்டித் துணில வடிகட்டி, அந்தப் பால கை விடாம கிண்டி பனவெல்லம் போட்டுக் குடுக்க ஆரம்பிச்சாங்க, மொத நாள் துப்புனான், மூணாம் நாள் கிண்ணத்தப் புடுங்குனான்.

நம்ம வாங்குன டப்பா கம்பெனிக்கு (பேரு வேணாம்) போன மாசம் ஒரு மெயில் போட்டேன், 400 கிராம் டப்பாவுக்கு ஸ்கோப் 3 எவ்ளோ, பால் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு ரெண்டே கேள்வி. பதினோரு நாள் கழிச்சிப் பதில் வந்துச்சு, உங்கள் அக்கறைக்கு நன்றி, குழந்தையின் வயதைத் தெரிவிக்கவும்னு. ஒண்ணே கால் தாண்டிருச்சு, இப்ப இட்லி சாப்புடுறான்னு அனுப்பிருக்கேன்.