நான்காவது சர்வர்

நவம்பர் 10, 2025, திங்கள்

காலையில் புதுச்சேரி லாஸ்பேட்டை சர்வர் அறைக்குள் நுழைந்ததும் ஆரஞ்சு விளக்கு கண்ணைக் குத்தியது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்றிரண்டு போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு-6 தொகுப்பில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மாற்று டிஸ்க்கைச் செருகியாயிற்று. இனி, போனதன் தரவு அதில் மீண்டும் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விநாடிக்கு 200 மெகாபைட் வீதம் ஓயாமல் எழுதினாலே டிஸ்க்கின் 16 டெராபைட் நிரம்ப 22 மணி நேரமாகும். ஊழியர்கள் ஸ்கேன் படங்களைத் திறந்துகொண்டே இருக்கையில் அந்த வேகம் எங்கே கிடைக்கும்?

இழந்த தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டி இரண்டு இருப்பதால் இன்னொன்று போனாலும் தாங்கும். ஆனால் பக்கத்து டிஸ்க்குகளின் சீட்டுகளைப் பார்த்தேன்: எல்லாம் ஒரே மாதத் தயாரிப்பு, வரிசை எண்கள் அடுத்தடுத்து. சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே போகவும் கூடும்.

நவம்பர் 11, செவ்வாய்

மீட்பு 64 சதவீதம். போன் அடித்தாலே பகீர் என்கிறது.

நவம்பர் 12, புதன்

மீட்பு முடிந்தது. “இதே போல இன்னும் இரண்டு பெட்டி வாங்கிப் போட்டுவிடலாமே” என்கிறார் மேலாளர். இடம் பெருகும் சார், மீட்கும் நேரம் குறையாதே! எத்தனை பெட்டி சேர்த்தாலும், போன டிஸ்க்கின் பங்கை மாற்று டிஸ்க் ஒன்றே எழுதி முடிக்க வேண்டும். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் ரெய்டு கட்டுரையில் எடுத்துக்கொண்ட சிறிய டிஸ்க் 100 மெகாபைட். கொள்ளளவு அதிலிருந்து 1,60,000 மடங்காகிவிட்டது. வேகம் சில நூறு மடங்கைத் தாண்டவில்லை.

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளில் தரவின் துண்டுகள் எல்லா டிஸ்க்குகளிலும் சிதறிக் கிடக்கும். ஒன்று போனால், வில்லியனூர்த் தேரை ஊர் கூடி இழுப்பதுபோல் மற்றவை எல்லாம் சேர்ந்து மீட்கும்.

நவம்பர் 14, வெள்ளி

விற்பனையாளர் தந்த செஃப் திட்டம்: மூன்று சர்வர்கள், ஒவ்வொரு தரவும் ஆறு துண்டு, மூன்று காப்புத் துண்டு, சர்வருக்கு மூன்று. ஒரு சர்வர் படுத்தால் மிஞ்சும் ஆறே தரவை மீட்கப் போதும். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செஃப் இயல்பாகவே ஒரு துண்டு கூடுதலாக, அதாவது ஏழு, இல்லாவிட்டால் படிக்கவும் விடாது, எழுதவும் விடாது. தரவு பத்திரமாக இருக்கும், அலுவலகம் நின்றுபோகும்.

நான்கு சர்வர்களில் ஐந்து தரவுத் துண்டு, மூன்று காப்புத் துண்டு, சர்வருக்கு இரண்டு என்று பிரித்தால்? ஒன்று போனாலும் ஆறு மிஞ்சும், தேவையும் ஆறுதான். வேலை நிற்காது. 1.5 மடங்கு இடத்துக்குப் பதில் 1.6 மடங்கு. இதற்காகவா இத்தனை பேரம்!

நவம்பர் 17, திங்கள்

நான்காவதைக் கடலூர் கிளையில் வைத்தால் வெள்ளத்துக்கும் பாதுகாப்புதானே என்று கணக்குப் பிரிவு கேட்டது. தரவை எழுதும் ஒவ்வொரு முறையும் அது கடலூர் போய்ப் பதில் திரும்பக் காத்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் கரையேறியது. காப்பு நகல் கோவை போன்ற தொலைவில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 19, புதன்

நான்காவது சர்வருக்குக் கையெழுத்தாகிவிட்டது. கோவை நகலுக்கான வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்து, அடுத்த நிதியாண்டில் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.