மார்கழிக் கடைசியும் தைத் தொடக்கமும்: காலடிப்பேட்டை நாட்குறிப்பு

ஜனவரி 9, 2025, வியாழன்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அனல் அடிக்கும் கோடையில் விமானம் ஏறி, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிய மனிதர்கள் டீக்கடை வாசலில் நிற்கும் மார்கழிக் காலையில் சென்னையில் இறங்கினேன். அண்ணன் மகன் கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னதைத் தடுத்துவிட்டு, விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறினேன். அப்பாவின் காரியத்துக்காக 2017-இல் வந்திருந்தபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்கத் தகரத் தடுப்புகளும் பள்ளங்களுமாகக் கிடந்தது. அந்த வேலை முடிந்து 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்று செய்தியில் படித்திருந்தாலும், இடம் மாறாமல் உட்கார்ந்தபடியே வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையில் போய் இறங்கலாம் என்பதை நேரில் அனுபவிக்கும்வரை மனம் ஏற்கவில்லை. மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று நிலத்துக்கு அடியிலேயே வந்த வண்டி, தண்டையார்பேட்டையைத் தாண்டி வெளிச்சத்துக்கு ஏறியதும், தெருவிலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய வீடுகளின் மொட்டைமாடிகள் வரிசையாக வரத் தொடங்கின. கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், உடைந்த நாற்காலிகள், கொடியில் பள்ளிச் சீருடைகள், அவற்றுக்கு நடுவே பந்தயப் புறாக்களுக்கான கூண்டுகள். எங்கள் தெரு எது என்று மேலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றிருந்த கல்லூரிப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அம்மா வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி சுற்றிப்போட்டாள். அண்ணி காபி கொண்டுவந்தாள். நடையில் பழையபடியே பிளாஸ்டிக் குடங்கள் நிறைந்து நின்றன. எங்கள் சிறு வயதில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடிபம்பில் மல்லுக்கட்டிய வீடு இது. லாரி வரும் நாளில் பள்ளிக்கூடம் கிடையாது. இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை தரக்கூடியது என்றும், இந்தப் பக்கத்துக்கு அதிலிருந்துதான் வருகிறது என்றும் அண்ணன் விளக்கினார். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. குழாயை எந்த நேரமும் யாரும் மூடிவிடலாம் என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை, ஆகவே குடங்கள் நிறைந்தே இருக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, படகு ஓட்டும் நண்பனைப் பார்க்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், பத்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன், இப்போது விசைப்படகில் டிரைவர். நான் பெர்த்தை ஒட்டிய ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று கணினியில் திட்டமிடுகிறேன். "நானும் போர்ட்டு, நீயும் போர்ட்டு, உன் கை மட்டும் எப்படிடா மெத்துனு இருக்கு?" என்று என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான்.

விளக்கு வெளிச்சத்தில் ஏலம் உச்சத்தில் இருந்தது. தரையில் கொட்டப்பட்ட சங்கராவின் சிவப்பும் கானாங்கெளுத்தியின் நீலப் பளபளப்பும் ஈரத்தில் மின்ன, சுற்றி நின்ற பெண் வியாபாரிகள் வாயைத் திறக்காமல் தலையசைப்பிலேயே விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா வவ்வால் மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி, உள்ளே இருந்த சிவப்பைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தாள். ஏலக்காரர் அதைப் பார்த்துவிட்டு விலையைத் தாமாகவே இறக்கினார். அரைமணி நேரம் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு தரப் பரிசோதனையை எந்தத் துறைமுகத்திலும் நான் கண்டதில்லை.

வெளிச்சம் வந்தபிறகு அவனுடைய வண்டியில் எண்ணூர் விரைவுச்சாலையில் போனோம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத வரிசை, மறுபக்கம் கருங்கல் கொட்டிய கரை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, அலை வந்து கல்லில் மோதும் இடத்துக்கும் அப்பால் கையை நீட்டி, "எங்க வீடு அங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்றான். ஞாபகம் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நாங்கள் பொதுத்தேர்வுக்குப் படித்தோம், அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டோம். வலை உலர்த்தவும் பந்து விளையாடவும் அதற்கு முன்னால் பெரிய மணல்வெளி இருந்தது. 2004 சுனாமி கரையோரக் குடும்பங்களைக் கலைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே கடல் இந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது என்பதை வடசென்னைக்காரர்கள் சொன்னால்தான் உண்டு. இப்போது அவன் குடும்பம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கடல் சத்தம் கேட்காத வீட்டில் முதல் ஒரு வருடம் அவனுடைய அப்பாவுக்குத் தூக்கமே பிடிக்கவில்லையாம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. நான்கு மணிக்கே பிள்ளைகள் மேளத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். புகையில் எதிர்வீடு தெரியவில்லை. அண்ணன் என் பழைய கல்லூரி நோட்டுகளை எரிக்க எடுத்து வைத்திருந்தார், நான் மறுக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல் நேற்றே இனிதே முடிந்தது. இன்று மாலை பழைய கேரம் மன்றத்துக்குப் போனேன். ஓட்டுக்கூரை கான்கிரீட்டாக மாறியிருக்கிறது, மற்றபடி பலகைக்கு மேலே தாழத் தொங்கும் அதே விளக்கு, அதே போரிக் பவுடர் வாசனை. எங்கள் காலத்தில் இங்கே எல்லோருக்கும் ஆதர்சம் உலகப் பட்டத்தை இருமுறை வென்ற மரிய இருதயம். 1996-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தபோது நம் தெருவுக்கே கிடைத்ததுபோல் மிட்டாய் கொடுத்தோம். இப்போது சுவரில் ஒட்டியிருப்பது புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமாவின் படம். ஆட்டோ ஓட்டுநரின் மகளான அந்தப் பெண், போன நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியிருக்கிறார். எங்கள் நாளில் மன்றத்தின் வாசலைக்கூடப் பெண்பிள்ளைகள் மிதித்ததில்லை. இன்று ஒரு பலகையில் பாவாடை சட்டை போட்ட சிறுமி ஒருத்தி, என்னைவிட வயதில் மூத்தவரைத் திணறடித்துக்கொண்டிருந்தாள். ஊர் மோசமாகிவிட்டது என்று அலுத்துக்கொள்ள வருகிறவர்கள் இந்த மன்றத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

அங்கிருந்து, பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் இன்னொரு நண்பனின் கடைக்கு. நண்பன் இப்போது கல்லாவில் இருந்தாலும், கலப்பது அவனுடைய அம்மாதான். மஞ்சள் நூடுல்ஸைக் கையால் பிரித்துப் போட்டு, மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மொறுமொறுவென்று பொரித்து நொறுக்கிய பேஜோ, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரல் நுனிகளாலேயே அழுத்தாமல் புரட்டுகிறார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு கொதிக்கிறது. "இன்னா நைனா, இளைச்சுட்ட" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே முட்டையைப் பிளந்து வெங்காயம் அடைத்துத் தட்டில் வைத்தார்.

அவர் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, பல்லாயிரம் தமிழர்களைப்போல் அவருடைய குடும்பமும் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியது. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் அவர்களுக்குப் பெயர் வைத்தது. அவரோ பிறந்ததிலிருந்து பார்த்தறியாத ஊருக்குத்தான் அப்படித் திரும்பினார். கிளம்பும்போது காதில் இருந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். ரங்கூனுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாமா என்று மகன் கேட்டதற்கு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டாராம். பர்மா பஜாருக்குப் போகிறவர்கள் வாங்கும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1969-இல் அந்தக் கடைகளை வைத்தவர்கள் எதை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது பேச்சில் வருவதில்லை.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். அண்ணன் மகனின் குழந்தை கேட்டதற்காக மெரினாவுக்குப் போனோம். குழந்தையின் மணிக்கட்டில் காவலர் ஒருவர் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிட்டார். குளிக்கக் கூடாது என்று தண்ணீருக்கு முன்னாலேயே கட்டைகள். சாலையிலிருந்து அலை வரைக்கும் நடந்து முடிவதற்குள் குழந்தையைத் தோளில் தூக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு மணல்.

என் தொழில் காரணமாக எனக்கு இந்த மணலின் கணக்கு தெரியும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலுக்குள் சுவர் நீட்டிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தடைபட்ட மணல் தெற்கே தங்கி மெரினா அகன்றது; வடக்கே வந்து சேரவேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். என் அப்பா அந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டித்தான் எங்களைப் படிக்கவைத்தார், நானும் ஒரு துறைமுகத்தின் சோற்றைத்தான் தின்கிறேன். ஆகவே துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நகரமே கூடிக் கொண்டாடும் இந்த மணலில் ஒரு பங்கு, என் நண்பன் வீட்டு வாசலில் இருந்திருக்கவேண்டியது. இதை அண்ணனிடம் சொன்னபோது, "பண்டிகை நாள்ல இதெல்லாம் எதுக்குப்பா" என்றார். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஜனவரி 17, வெள்ளி

பெரும்பாக்கம். எங்கள் கூட்டத்தில் நாலாவது ஆளான பழைய கேரம் ஜோடியைப் பார்க்கப் போனேன். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் இருந்த அவனுடைய வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்டு, நகரத்தின் இன்னொரு கோடியில், முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வீடு கொடுத்திருக்கிறார்கள். மெட்ரோவும் பேருந்துமாக மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. எட்டுத் தளக் கட்டடங்கள் ஒரே நிறத்தில் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிளாக் எண்ணை மறந்துவிட்டால் வீட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. லிஃப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறினேன்.

சுமை தூக்கிக்கொண்டிருந்தவன் இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் இரவு நேர செக்யூரிட்டி. காசிமேட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் பேருந்தைப் பிடித்துப் போய் வருகிறார். மற்ற நாள்களில் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் வீட்டுவேலை. வீடு சுத்தமாக, காற்றோட்டமாக இருக்கிறது, கழிவறை உள்ளேயே இருக்கிறது, மழைக்கு ஒழுகுவதில்லை என்று அவனே நியாயமாக எடுத்துச் சொன்னான். பிறகு, "நீ ஆஸ்திரேலியாலருந்து வந்துட்டுப் போற. நான் காசிமேட்டுக்கு வர்றதுன்னா லீவு போடணும் மச்சான்" என்றான். பெரிய மகளுக்கு ராயபுரத்தில் பார்த்த வரன், வீடு பெரும்பாக்கம் என்றதும் தட்டிப்போனதாம்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கிழக்குப் பக்கமாகக் கை காட்டினான். அந்தச் சாலைக்கு அப்பால் ஓடுவதும் பக்கிங்ஹாம் கால்வாய்தான். 1806-இல் எண்ணூர் வரைக்கும் வெட்டத் தொடங்கி, பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீட்டிய அதே கால்வாய். "கரையைப் பிடிச்சுட்டே நடந்தா எங்க பழைய வீடு வந்துடும். ரெண்டு நாள் ஆகும்" என்று கணக்குப் போட்டான்.

பெர்த்தில் நடக்கும் தமிழ்ச் சங்க விழாக்களில் ஊரைப் பிரிந்த ஏக்கத்தைப் பற்றி யாராவது மேடையேறி உருகி உருகிப் பேசுவது வழக்கம். நாங்கள் விருப்பப்பட்டுப் போனவர்கள், சம்பளத்தோடு போனவர்கள், விடுமுறை எடுத்தால் திரும்பி வரக்கூடியவர்கள். இனிமேல் அந்தப் பேச்சுகளைப் பொறுமையாகக் கேட்க என்னால் முடியும் என்று தோன்றவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் அண்ணன் மாடி கட்டுவதற்கான காகிதங்களைக் கொண்டுவந்தார், கையெழுத்துப் போட்டேன். அம்மா என் பெட்டியில் ஊறுகாயை ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தேன். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப்பொருள் சோதனை கடுமையாக இருக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும், "ஊறுகாயை யாரு கேட்கப்போறா" என்கிறாள்.

மாலையில் நான்கு பேரையும் ஒன்றுசேர்க்க முயன்றோம். படகுக்காரன் நேற்றே தங்கல் கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய்விட்டான். பெரும்பாக்கத்துக்காரனுக்கு இரவுப் பணி. அத்தோ கடையில் நானும் நண்பனும் மட்டும் உட்கார்ந்து, மற்ற இருவரோடும் கைபேசியில் பேச முயன்றதில் ஒருவன் மட்டும் கிடைத்தான். அடுத்த முறையாவது ஒழுங்காகச் சந்திக்க வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் முடியும், அந்த 61 நாளும் படகுக்காரன் கரையில் இருப்பான் என்று கணக்கிட்டோம். இடம் காசிமேடு என்று அத்தோ நண்பன் சொன்னான். நான் பெரும்பாக்கம் என்றேன். பர்னர், பாத்திரம், நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஆறாவது மாடிக்கு யார் தூக்குவது என்று அவன் கேட்டான். அவனுடைய அம்மா, "நான் ஏறுறேன், உனக்கு இன்னா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் பேச்சு முடிந்துவிட்டது. அக்னி நட்சத்திர வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, மே மாதம் இரண்டு வாரம் விடுப்பு வேண்டும் என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.